ஓரம் யாருக்குச் சொந்தம்?

புகைப்படக்கலை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கேமராவில் தொடங்குகின்றன. எடுத்தவரின் கண், காத்திருந்த பொறுமை, வெளிச்சம் வாய்த்த நேரம் என்று போய், படம் சொல்லும் பொருளில் முடிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓர் இருட்டறை இருக்கிறது. அங்கே ஒருவர் நின்றுகொண்டு, நெகடிவில் எவ்வளவு காட்டுவது, எவ்வளவு மறைப்பது என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு நடக்கும் இடம் உள்ளங்கை அகலத்தில் இரண்டு தகடுகள், நடுவில் ஒரு துளை. என்லார்ஜரில் விளக்குக்கும் லென்ஸுக்கும் இடையே நெகடிவைப் பிடித்துக்கொள்ளும் இந்தத் தகட்டுக்கு நெகடிவ் கேரியர் என்று பெயர். எங்கள் ஊரில் கேரியர் என்றால் ஒன்று சோத்துத் தூக்கு, இல்லாவிட்டால் சைக்கிளின் பின்கம்பி. இந்த மூன்றாவது கேரியரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கிணத்துக்கடவில் சின்னதாக ஒரு டார்க் ரூம் வைத்திருக்கிறேன். நான் எடுக்கும் 120 ரோல்களைக் கழுவிப் பிரிண்ட் போடுவது போக, பொள்ளாச்சி ரோட்டோரம் மூடிப்போன ஸ்டூடியோக்களிலிருந்து யாராவது எடுத்துவரும் பழைய நெகடிவ்களையும் போட்டுக்கொடுக்கிறேன். எடுத்துவருகிறவர்களில் இளைஞர்கள் அதிகம். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "முழு நெகடிவும் வேணுங்க. சுத்தியும் அந்தக் கறுப்பு பார்டர் வரோணும்." அந்தக் கறுப்பு ஓரம் இருந்தால் படம் அசல், வெட்டினால் அது திருத்தப்பட்ட பொய் என்பது இன்று கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கையாகிவிட்டது. கண்காட்சிகளிலும் புத்தகங்களிலும் அதையே பார்க்கிறேன். சொந்தப் படத்துக்கு அது ஒருவருடைய ருசி. அடுத்தவர் எடுத்த, அடுத்தவர் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படத்துக்கு அதே கேரியரைப் போடுவது சரியல்ல என்பது என் கட்சி. இதைச் சொல்ல முதலில் அந்தத் தகட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

120 ஃபிலிமின் அகலம் ஏறக்குறைய 61 மில்லிமீட்டர். ஆறுக்கு ஆறு என்று நாம் சொல்லும் படத்தின் நிஜமான அளவு 56க்கு 56. ஆக இரண்டு பக்கமும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் மட்டுமே வெற்று ஓரம். கண்ணாடி இல்லாத கேரியர் நெகடிவைப் பிடித்துக்கொள்வது அந்த ஓரத்தில்தான். கம்பெனியில் செய்து வரும் கேரியர்களில் பெரும்பாலும் துளை 56ஐவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். பிடிமானம் கூடட்டும் என்பதற்காகப் படத்தில் ஒரு நூல் அளவை நாலு பக்கமும் விழுங்கிவிடுவார்கள். யாரும் வெட்டவேண்டும் என்று நினைக்காமலே எல்லாப் படமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத்தான் வெளியே வருகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. 35 எம்எம் நெகடிவ் சின்னது, ஓட்டை போட்ட ஓரங்கள் அகலமானவை, விறைப்பாக நிற்கும். 120 அப்படியல்ல. நடுவில் தாங்குவதற்கு ஒன்றுமில்லாத 56 மில்லிமீட்டர் பரப்பு. விளக்கைப் போட்டதும் சூட்டில் அது மெல்ல உப்பும். சில வினாடிகளில் 'டப்'பென்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொள்ளும். ஃபோகஸ் வைத்தபோது இருந்த இடத்தில் நெகடிவ் இப்போது இல்லை. நடுவில் கூர்மை, மூலையில் மங்கல் என்று பிரிண்ட் வரும். பத்து அங்குலச் சதுரத்துக்கு ஏறக்குறைய நாலரை மடங்குதான் பெரிதாக்குகிறோம் என்பதால், லென்ஸை எஃப் 8க்கோ 11க்கோ மூடிக்கொண்டால் இது பெரிதாகத் தெரியாது. விளக்கைப் போட்டு நெகடிவ் சூடேறித் தன் நிலைக்கு வந்தபின் ஃபோகஸ் வைத்து, ஆற விடாமல் உடனே எக்ஸ்போஸ் செய்வது இன்னொரு வழி. பதினாறு அங்குலத்துக்குப் போனால் ஏழு மடங்குக்கு மேல். அங்கே இந்தச் சமாளிப்புகள் பல நேரம் போதாது. கண்ணாடி கேரியர் வேண்டும். எல்ஈடி விளக்கு வைத்த என்லார்ஜரில் சூடு குறைவு, உப்பலும் குறைவு. ஆனால் பிறவியிலேயே சுருண்ட நெகடிவை எந்த விளக்கும் நிமிர்த்தாது.

கண்ணாடி கேரியர் நெகடிவை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து அமுக்கிவிடும். தட்டையாக நிற்கும், மூலை வரை ஒரே கூர்மை. அதற்கான விலையைத் தூசியில் கட்டவேண்டும். ஃபிலிமின் இரண்டு பக்கங்களோடு கண்ணாடிகளின் நான்கு பக்கங்களும் சேர, துடைக்கவேண்டியவை ஆறு ஆகின்றன. எங்கள் பக்கத்தில் இதன் அர்த்தம் வேறு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். சுற்றுவட்டாரத்தில் தேங்காய் நார் மில்கள் இருக்கின்றன. மஞ்சித் தூசி மாவுபோலப் படியும். ஆடி மாசத்தில் கண்ணாடி கேரியர் போடுகிறவன் பிரிண்ட் போடும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரத்தைத்தான் அதிகம் செலவழிப்பான். அப்புறம் வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் மூடும் வேலை தனி.

இன்னொரு தொல்லை நியூட்டன் வளையம். ரோட்டில் தேங்கிய மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் வட்ட வட்டமாகத் தெரியுமே, அதே சங்கதி. ஃபிலிமின் வழவழப்பான முதுகும் வழவழப்பான கண்ணாடியும் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது நடுவில் சிக்கிய மெல்லிய காற்றுப்படலத்தால் வருவது. ஈரக்காற்று நாட்களில் இன்னும் மோசம். இதைத் தவிர்க்க மேல்கண்ணாடியைச் சன்னமான சொரசொரப்போடு செய்கிறார்கள். ஆன்டி-நியூட்டன் கண்ணாடி என்பது அதுதான். என்லார்ஜரில் எமல்ஷன் பக்கம் கீழே பார்க்கும், முதுகு மேலே. எமல்ஷன் பக்கத்துக்கு அவ்வளவு வழவழப்பு கிடையாது என்பதால் கீழே சாதாரணத் தெளிந்த கண்ணாடி போதும். சொரசொரப்புக் கண்ணாடியைக் கீழே வைத்தால் அதன் பொடிப்பொடியான தடம் பிரிண்டில் விழ வாய்ப்பு உண்டு. மேலே சொரசொரப்பு, கீழே தெளிவு: இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

இதுவரை சொன்னது தொழில். இந்தத் துளையை அராவத் தொடங்கிய இடத்தில்தான் விமர்சகனுக்கு வேலை வருகிறது.

துளையை அரத்தால் அராவி 56ஐவிடச் சற்றுப் பெரிதாக்கினால், படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஃபிலிம் வழியாகவும் வெளிச்சம் போகும். அது பேப்பரில் கறுப்புக் கோடாக விழும். 'நான் எதையும் வெட்டவில்லை, எடுத்தபோதே இப்படித்தான் பார்த்தேன்' என்பதற்கு அந்தக் கோடு சாட்சிக் கையெழுத்து. 35 எம்எம்மில் இந்தக் கோட்டைக் கொள்கையாக்கியவர்களில் முக்கியமானவர் கார்த்தியே-ப்ரெசோன். வெட்டுவதை வெறுத்தவர். ஆனால் அவருடைய படங்களில் உலகம் அதிகம் அறிந்த ஒன்று, பாரிஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் 1932ஆம் ஆண்டுப் படம், வெட்டப்பட்டது. அதனால் அந்தப் படம் ஒரு இம்மியும் குறைந்துபோகவில்லை. கோட்டின் மேல் வைத்த நம்பிக்கைதான் கொஞ்சம் குறையவேண்டும்.

சதுர நெகடிவில் இந்தக் காரியத்தைத் தீவிரமாகச் செய்தவர் அமெரிக்கரான டயான் ஆர்பஸ். 1960களின் தொடக்கத்தில் 35 எம்எம்மை விட்டு ரோலிஃப்ளெக்ஸுக்கு மாறினார். 1965 வாக்கிலிருந்து ஒழுங்கற்ற கறுப்பு ஓரத்தோடு பிரிண்ட் போட்டார். சில வருடங்களில் அதையும் கைவிட்டு, கேரியரின் ஓரங்களில் அட்டைத் துண்டுகளை வைத்து, படம் பேப்பரின் வெள்ளைக்குள் மெல்லக் கரைவதுபோன்ற விளிம்பைக் கொண்டுவந்தார். 1971இல் அவர் இறந்தபிறகு அவருடைய நெகடிவ்களைப் பிரிண்ட் போடும் பொறுப்பு நீல் செல்கர்க்கிடம் வந்தது. டயான் ஆர்பஸ் எந்தக் காலத்தில் எந்த ஓரத்தோடு போட்டாரோ அதைக் கண்டுபிடித்து அப்படியே போடுவது அந்தப் பொறுப்பில் பெரிய பங்கு. இறந்தவரின் நெகடிவைக் கையில் எடுக்கிறவன் கேட்கவேண்டிய கேள்வி இதுவென்று நினைக்கிறேன்: இவர் தன் படம் எங்கே முடியவேண்டும் என்று வைத்திருந்தார்?

இங்கே ஒரு தொழில் உண்மையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 120இல் பிடிமானத்துக்கு இருப்பதே பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர். அதில் ஒன்றை அராவி எடுத்துவிட்டால் மீதி ஒன்றரை. கண்ணாடி இல்லாத கேரியரில் ஓரத்தைக் காட்ட ஆசைப்பட்டால் தட்டைத்தன்மையைப் பலி கொடுக்கிறோம். ஓரமும் வேண்டும் கூர்மையும் வேண்டும் என்றால் கண்ணாடிக்குத்தான் போகவேண்டும், தூசியோடு மல்லுக்கட்ட வேண்டும். 'முழு நெகடிவ்' என்பது எதையும் செய்யாமல் விட்டால் தானாகக் கிடைக்கும் இயல்பான நிலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலை மெனக்கெட்டுச் செய்தால்தான் அது வரும். வெட்டுவது எப்படி ஒரு தலையீடோ, அதே அளவுக்கு இதுவும் தலையீடு.

இப்போது நம் ஸ்டூடியோ நெகடிவுக்கு வருகிறேன். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் கண்ணாடித் தகடுகள் வழக்கொழிந்தபின், வண்ணப் படமும் மெஷின் பிரிண்டும் வரும்வரை, 120 ரோல்தான் சோறு போட்டது. யாஷிகா, ரோலிகார்டு போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள். வீடுகளில் அக்ஃபா க்ளிக் 3. எல்லாவற்றிலும் நெகடிவ் சதுரம். ஆனால் பேப்பர் சதுரமில்லை. ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பரானாலும் வெளிநாட்டுப் பேப்பரானாலும் பெட்டியில் வந்தது நீள்சதுரம். கேபினட், போஸ்ட்கார்டு, சுவரில் மாட்டும் 12க்கு 15 எல்லாமே நீள்சதுரம். ஸ்டூடியோக்காரர் கேமராவின் மேலே குனிந்து சதுரத்தைப் பார்க்கும்போதே நிற்க வைத்த நீள்சதுரத்தைத்தான் மனசில் பார்த்தார். இடமும் வலமும் உள்ளவை வெட்டிப்போகவேண்டிய தோல். தேங்காயின் மட்டையை யாரும் பருப்போடு சேர்த்துக் கணக்கில் எடுப்பதில்லை.

அதனால்தான் அந்த ஓரங்களில் அவ்வளவு விஷயம் கிடக்கிறது. வரைந்த படுதா முடிந்து சுண்ணாம்புச் சுவர் தெரியும். விளக்கின் கால் தெரியும். குழந்தை விழாமலிருக்கப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை. தன் முறைக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவரின் முழங்கால். ஸ்டூடியோவில் எல்லாருக்கும் பொதுவாகத் தொங்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பவரின் இடுப்புக்குக் கீழே வேட்டியும் வெறுங்காலும். இன்று பார்க்கும் கண்ணுக்கு இதெல்லாம் விருந்து. படத்துக்குள் படம் என்று சொல்லத் தோன்றும். சதுரத்தின் அழகியல் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் மனசில் இல்லாத ஒரு சதுரத்துக்கு அவரைப் புகழ்வது எனக்கு விளங்கவில்லை.

இந்த வட்டாரத்தில் நாற்பது வருடம் ஸ்டூடியோ நடத்திய ஒரு பெரியவரிடம், அவருடைய நெகடிவ் ஒன்றைக் கறுப்பு ஓரத்தோடு போட்ட பிரிண்டைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏனுங்க, இந்த ஓரத்தையெல்லாம் எதுக்குங்க காட்டோணும்? அந்தம்மா இதுக்கா காசு குடுத்தாங்க?" என்றார். அப்புறம், "கொழந்தையைப் புடிச்சிட்டு நிக்கறது அவிய நாத்தனாருங்க. அவியளுக்குப் படத்துல வர இஷ்டமில்லீங்க, அதனாலதான் அப்படி ஓரமா நின்னாங்க" என்றார். நான் வாசித்த எந்தக் கோட்பாட்டைவிடவும் இந்த இரண்டு வாக்கியங்கள் எனக்குக் கனமாக இருந்தன. ஓரத்தில் நின்ற அந்தப் பெண் கேரியரின் துளையை நம்பித்தான் நின்றார். அது தன்னை மறைக்கும் என்பது பேச்சு. எழுதப்படாத ஒப்பந்தம்.

ஸ்டூடியோ நெகடிவ் முழுக்க இந்த ஒப்பந்தத்தின் தடங்கள் உண்டு. எமல்ஷன் பக்கத்தில் பென்சிலால் டச்சப் செய்த கோடுகள், அம்மைத் தழும்பை மூடிய புள்ளிகள், வேண்டாத பின்புலத்தை அடைத்த சிவப்பு மை. பெரும்பாலான ஸ்டூடியோக்களில் ரோலைத் தனித்தனி நெகடிவாக வெட்டி, நம்பர் போட்ட காகித உறைக்குள் வைத்தார்கள். தனித்து வெட்டிய நெகடிவுக்கு முன்னும் பின்னும் பிடிக்க மிச்சமே இருக்காது. கண்ணாடி இல்லாத கேரியரில் நழுவும். அதனால் இன்று இவற்றைப் போட கண்ணாடி கேரியர்தான் தோது. ஆனால் பென்சில் வேலை செய்த பக்கம் கீழ்க்கண்ணாடியில் அமுங்கும் என்பதால், நெகடிவை இழுத்து நேராக்காமல், தூக்கி வைத்து நேராக்க வேண்டும். புளித்த காடி வாசனை வரும் பழைய அசிடேட் நெகடிவ் சுருங்கி வரிவரியாக உப்பியிருந்தால் கண்ணாடியில் வைத்து அமுக்கவே கூடாது, எமல்ஷன் வெடித்துவிடும். அதை மேலிருந்து படமெடுத்துக்கொள்வதே மரியாதை.

வெளிநாட்டில் இதே வழக்கு இரண்டு முறை பெரிதாக வந்தது. மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டூடியோ தொடங்கிய செய்து கெய்த்தா பெரும்பாலும் 13க்கு 18 சென்டிமீட்டர் நெகடிவில் எடுத்து, அதே அளவில் கான்டாக்ட் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். வாடிக்கையாளர் கையில் பிடித்துப் பார்க்கும் படம் அது. 1990களில் மேற்கத்திய கேலரிகள் அவற்றை ஆளுயரத்துக்கு, கறுப்பை அழுத்தி, வெள்ளையை வெளுத்துப் போட்டன. உலகப்புகழ் வந்தது. கெய்த்தாவின் படம் எது, கையகலப் படமா சுவரகலப் படமா என்ற சச்சரவும் கூடவே வந்தது. இன்னொன்று சிகாகோவின் விவியன் மையர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ரோலிஃப்ளெக்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேலான படங்களை எடுத்தவர். 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன, 2009இல் இறந்தார். இன்று உலகம் பார்க்கும் அவருடைய படங்கள் முழுச் சதுரம். அவர் காலத்திலேயே போடப்பட்ட பிரிண்டுகளில் பல வெட்டப்பட்டவை. நாம் கொண்டாடும் அந்தச் சதுரம் எந்த அளவுக்கு மையருடையது, எந்த அளவுக்கு அவருடைய நெகடிவை வாங்கியவர்களுடையது?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்ணிமமாக்கியது. எடைக்குப் போட்டு வெள்ளி எடுத்தது போக மிஞ்சியவை அவை. வரலாறு எழுதுகிறவருக்கு ஓரம் வேண்டும். படுதா எங்கே முடிந்தது, கோட்டு யாருடையது, பிள்ளையை யார் பிடித்திருந்தார் என்பதெல்லாம் ஓரத்தில்தான் எழுதியிருக்கிறது. ஒரு காலத்தின் சாதியும் வறுமையும் பெண்ணின் இடமும் நடுவில் நிற்பவரைவிட ஓரத்தில் நிற்பவரிடம் தெளிவாகத் தெரியலாம். ஆவணத்தில் ஓரத்தை வெட்டினால் அது குற்றம். அங்கே எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் ஆவணம் வேறு, சுவரில் மாட்டும் படம் வேறு. நாத்தனாரின் கையை ஆய்வாளர் ஒருவர் திரையில் பார்ப்பதும், கேலரியில் நாலடிக்கு நாலடி தொங்கவிட்டு வருகிறவர்கள் ரசிப்பதும் ஒன்றாகாது. இரண்டாவதில் நாம் ஓர் ஏழைக் குடும்பம் காசு கொடுத்து வாங்கிய கௌரவத்தைப் பிரித்துக் காட்டுகிறோம். இடுப்புக்கு மேல் கோட்டோடு நிற்க ஆசைப்பட்டவரை வெறுங்காலோடு நிற்க வைக்கிறோம். அதற்கு 'உண்மை' என்று பெயரும் வைத்துவிடுகிறோம். நான் விமர்சிப்பது இதை. கறுப்பு ஓரம் சொல்வது 'பிரிண்ட் போட்டவர் வெட்டவில்லை' என்ற ஒரே செய்தியை. 'இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட படம்' என்று அது சொல்வதில்லை.

அதனால் என்னிடம் நெகடிவ் கொண்டுவருகிறவர்களுக்கு இப்போது இப்படிச் செய்கிறேன். முதலில் நெகடிவை முழுதாக, ஓரத்தோடு, கான்டாக்ட் பிரிண்டாகவோ ஸ்கேனாகவோ பதிவு செய்துவிடுகிறேன். அது குடும்பத்துக்கும் ஆய்வுக்கும். பெரிய பிரிண்ட் என்றால், அந்தக் குடும்பத்தில் பழைய காபி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். பெரும்பாலும் சுவரிலோ பெட்டியிலோ ஒன்று இருக்கும். ஸ்டூடியோக்காரர் எங்கே வெட்டினார் என்பது அதில் தெரியும். நாலு பக்கமும் தகடு நகர்த்தி அளவு வைக்கும் கேரியர் இருந்தால் அந்த அளவுக்கே வைக்கலாம். இல்லாவிட்டால் கறுப்பு அட்டையில் வெட்டிய மாஸ்க் போதும். அதைக் கண்ணாடியின் மேல் வைத்தால் வெளியே போகும் வீண் வெளிச்சம் குறைந்து, பிரிண்டின் கறுப்பும் நன்றாக நிற்கும். பழைய காபி இல்லையென்றால் நீள்சதுரமாக, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு. கறுப்பு ஓரம் கிடையாது. சில பேர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போயிருக்கிறார்கள். போகட்டும்.

சொந்தமாக 120 எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 8க்கு 10 வரை போடுகிறவர்கள் கண்ணாடி இல்லாத கேரியரில் தொடங்குங்கள். நம் ஊர் தூசிக்கு அதுதான் லாயக்கு. அதற்கு மேல் போனால் ஆன்டி-நியூட்டன் கண்ணாடி வைத்தது ஒன்று வாங்குங்கள். கிடைக்காத இடத்தில் படம் சட்டம் போடுகிற கடையில் நான்-ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி கேட்டு, சொரசொரப்பு சன்னமாக உள்ளதா என்று பார்த்து மேல்பக்கத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். துளையை அராவுவதென்றால் அராவுங்கள். அதற்கு முன்னால் இரண்டாவதாக ஒரு கேரியர் கையில் இருக்கட்டும், ஏனென்றால் அராவிய துளை திரும்பச் சின்னதாகாது. உங்கள் படத்தின் ஓரத்துக்கு நீங்கள் பொறுப்பு.

விமர்சகர்களிடமும் கண்காட்சி நடத்துகிறவர்களிடமும் நான் கேட்பது சின்ன விஷயம். பழைய நெகடிவிலிருந்து புதிதாகப் போட்ட படத்தின் கீழே ஊரும் வருடமும் எழுதுகிறீர்கள். கூடவே இரண்டு தகவல்கள் எழுதுங்கள்: இது முழு நெகடிவா, பழைய பிரிண்டின் அளவுப்படி வெட்டியதா, பிரிண்ட் போட்டது யார், எந்த வருடம். அந்த ஒரு வரி இருந்தால், ஓரத்தில் நிற்கும் பெண் தானாக வந்து நிற்கவில்லை, இப்போதுதான் யாரோ அவரை உள்ளே இழுத்தார்கள் என்பதாவது பார்க்கிறவருக்குத் தெரியும்.